கடலைப் பார்த்த வாசல்

ரோமர்கள் டென்மார்க்குக்கு வந்ததில்லை. இந்த நாட்டின்மேல் எனக்கு இருக்கும் கொஞ்ச மரியாதையில் பாதி அதற்காகத்தான். ஒருவேளை ஒருமுறை கப்பலில் வந்து, நவம்பர் மழையில் இந்தக் கரையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். அதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அப்படி வராமல் விட்டவர்களைத் தேடிப் பிடித்து, ஹோர்சன்ஸில் என் வீட்டுப் புல்தரையை வெட்டி, கோல்டிங்கில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா மேசையில் ஏற்றி வைத்தவள் என் மகள்.

மகள் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிறாள். எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால் அதைப் படித்தால் என்ன வேலை எடுக்கலாம் என்று கேட்பார்கள். டொக்டர், எஞ்சினியர், மருந்துக்கடை, கணக்கு. இந்த நாலுக்கும் வெளியே ஒரு பிள்ளை நின்றால், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். என் மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "சயன்ஸ்தான் படிக்கிறா" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அவர்களுடைய பிள்ளையைப் பற்றிக் கேட்பாள். எங்கள் சனம் தன் பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் அடுத்தவன் பிள்ளை மண் கிண்டினாலும் கேளாது, மலையிலிருந்து குதித்தாலும் கேளாது.

போன கோடையில் அவள் வகுப்போடு இங்கிலாந்துக்குப் போனாள். அங்கே வடமேற்குக் கரையில் ரோமர்கள் கட்டிய குட்டிக் கோட்டைகளின் மிச்சத்தைக் கிண்டுகிறார்களாம். நாட்டின் குறுக்கே அவர்கள் ஒரு பெரிய மதில் கட்டினார்கள். அது கடலில் போய் முடிந்த பிறகும் மனது ஆறாமல், கரை நெடுக மைலுக்கு ஒன்றாகக் குட்டிக் கோட்டைகள், நடுவில் காவல் கோபுரங்கள் என்று கட்டிக்கொண்டே போனார்கள். கோட்டை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கி ஒரு சதுர வரம்பு, உள்ளே இரண்டு கொட்டில், வாசலின் மேல் மரத்தில் ஒரு பரண். எங்கள் கார் நிறுத்தும் கொட்டிலைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஒரு கைப்பிடி ஆட்கள் இருந்துகொண்டு கடலைப் பார்ப்பார்களாம்.

திரும்பி வந்தவள் மூக்கு வெய்யிலில் உரிய, சாப்பாட்டு மேசையில் இதையெல்லாம் சொன்னாள். டேனிஷில்தான் சொன்னாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் விளங்கும், இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதில்லை.

நான் விட்டேனா? உலகத்தையே பிடித்த சாம்ராஜ்யம் என்று பீற்றிக்கொண்டு கடைசியில் ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் ஒரு மண்மேட்டில் இருந்து அலை எண்ணினார்களா என்று கேட்டேன். அங்கே என்ன கிடைத்தது என்று கேட்டதற்கு, மாவு பிசைந்து பாண் சுட்ட அடுப்பு ஒன்றும், விளையாடுவதற்குக் கட்டம் கீறிய கல் ஒன்றும் என்றாள். கேலி செய்ய எனக்கு இன்னும் வசதியாகிவிட்டது. தின்றார்கள், தாயம் உருட்டினார்கள், சம்பளம் எடுத்தார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகம், ஒரு பஸ், என் மகள்.

பிறகு அவள், ஒவ்வொரு கோட்டைக்கும் இரண்டு வாசல் என்றாள். ஒன்று தரையைப் பார்த்தது. மற்றது கடலைப் பார்த்தது.

"எதிரி வாற பக்கம் வாசல் வைக்கிறவன் என்ன விசரனோ?" என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. எதிரி எப்போதாவது ஒருநாள்தான் வருவான், வராமலே விடவும் கூடும் என்றாள். ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போய் வருபவர்கள் அந்தக் கரையின் ஆட்கள்தான். மீன் பிடிப்பவர்கள், அக்கரையில் பெண் எடுத்தவர்கள், சாமான் விற்பவர்கள். அந்த வாசல் அவர்களுக்கு. யார் போகிறான், யார் வருகிறான், என்ன கொண்டுவருகிறான் என்று பார்க்க. கோட்டை காவல் காத்தது கடலை அல்ல, கரையை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். கேலிக்குக் கேட்ட கேள்வி அது. அதன் பதில் எனக்குத் தெரியாதது அல்ல.

எங்கள் வரவேற்பறையில் என் அண்ணையின் படம் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை, பொட்டு இல்லை. மற்ற வீடுகளில் செத்தவர்களின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டுச் சின்ன மின்விளக்கும் கொளுவி வைத்திருப்பார்கள். எங்கள் படம் வெறும் படம். சின்ன வயதிலேயே மகள் கேட்டாள், பெரியப்பாவுக்கு ஏன் மாலை இல்லை என்று. மாலை செத்த ஆட்களுக்கு என்றேன். அப்படியென்றால் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். சாப்பிடு, ஆறுது என்றேன். வளர்ந்த பிறகு வேறு வேறு விதமாக, வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்டுப் பார்த்தாள். உங்கள் கடற்கரை எப்படி இருக்கும், அங்கே யார் இருந்தார்கள், ஏன் வந்தீர்கள். அதெல்லாம் பழைய கதை என்பேன். பழைய கதை தோண்டுவதையே பிழைப்பாக எடுக்கப்போகிறவளிடம் இந்த விடை எடுபடாது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து, சங்கத்தின் ஆண்டுவிழாவில் இந்தக் கோட்டைகளைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னாள். தமிழில்.

இதன் கனம் தெரிய இன்னொன்று சொல்ல வேண்டும். அவள் ஒன்பது வயதில் அதே மேடையில், அதே சங்கத்தில், ஒரு பேச்சைப் பாதியில் மறந்து நின்றாள். அடுத்த சொல் வராமல் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டாள். மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்று சொல் டேனிஷ் பேசத் தெரியாமல் கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்துக்கு மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிந்த அதே மனிதர்கள். அன்று வாயை மூடியவள்தான். அதற்குப் பிறகு தமிழ் அவளுக்குக் காதில் மட்டும் இருந்தது.

இப்போது அவளாகக் கேட்டு வருகிறாள். வெளியே நான், "ஆர் கேக்கப்போயினம் உன்ர ரோமரை" என்றேன். உள்ளே எனக்கு ஒரே சந்தோசம். இந்த முறையும் அந்த மண்டபம் அவளைச் சிரித்து அனுப்பினால் இனி ஒருநாளும் அவள் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

பேச்சை டேனிஷ் எழுத்தில் தமிழாகக் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டு, வார இறுதிகளில் குசினியில் நின்று பாடமாக்கினாள். குட்டிக் கோட்டைக்குத் தமிழில் என்ன என்று ஒருநாள் கேட்டாள். நான் காவலரண் என்றேன். நல்ல புத்தகத் தமிழ். அது அவள் வாயில் நிற்கவில்லை. அடுப்படியில் நின்ற மனைவி திரும்பிப் பார்க்காமலே, "சென்றி எண்டு சொல்லு, எல்லாருக்கும் விளங்கும்" என்றாள்.

மனைவியும் எங்கள் கரைப் பக்கத்து ஆள்தான். ஊரில் போர்க்காலத்தில் சந்திக்குச் சந்தி, கரைக்குக் கரை அரசாங்கத்தின் ஆமியும் நேவியும் மண்மூட்டை அடுக்கி இருந்த இடங்களுக்கு நாங்கள் வைத்த பெயர் சென்றி. மகள் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். பிடித்துக்கொண்டது. உங்கள் கரையிலும் இருந்ததா என்று என்னிடம் டேனிஷில் கேட்டாள். எனக்கு அந்த நேரம் பார்த்துக் காரில் ஏதோ எடுக்க வேண்டியிருந்தது.

பேச்சோடு விட்டாளா? ஒரு மாதிரியும் செய்ய வேண்டுமாம். ரோமர்கள் செய்ததுபோலவே புல்லோடு வெட்டிய மண்ணில். நான் ஏழு கோடையாகத் தண்ணீர் ஊற்றி, பாசி கிளறி, பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் வேலிக்கு மேலால் தலையாட்டும் அளவுக்கு வளர்த்த புல்தரை. அதன் ஒரு மூலையைச் சின்னச் சின்னக் கட்டியாக வெட்டி எடுத்தாள். ஒரு பலகையில் சதுரமாக அடுக்கினாள். நடுவில் தீக்குச்சிக் கொட்டில்கள், ஐஸ்பழக் குச்சியில் ஒரு பரண், இரண்டு வாசல். கடலுக்கு நீலச் சீலைத் துண்டு. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, பச்சைப் புல் மூடிய மேடு ஒன்று, அதன் தலையில் மரத்தில் ஒரு தூண் மாதிரி. புதைகுழி போல இருக்கிறது என்றேன். ரோமர்களுக்கு இது போதும் என்றும் சொன்னேன்.

இனி சங்கம். எங்கள் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார். மகள் பிறக்க முதலே அவர்தான் தலைவர். திறமையால் அல்ல. மண்டபத்துப் பூட்டின் திறப்பு எடுக்கப் போவதற்கு வேறு ஒருவரும் சம்மதிக்காததால். வீட்டில் நல்ல யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற மனிதர், ஒலிவாங்கியைக் கண்டதும் 'பேரன்புமிக்க பெரியோர்களே' என்று அரசர் காலத்துக்குப் போய்விடுவார். மகள் பேசப்போவதைச் சொன்னதும் அவர் சந்தோசப்பட்டு, உடனே அதைக் கெடுக்கப் பார்த்தார். ரோமருக்கு மிளகு விற்றதே தமிழர்கள்தானே, அதைச் சொல்லட்டும் என்றார். கோட்டை கட்டும் கலையையும் நாங்கள்தான் படிப்பித்திருப்போம், அதையும் ஒரு வரி சேர்த்தால் கைதட்டல் வரும் என்றார். மகள், அப்படி ஒரு சான்றும் இல்லை என்று பணிவாகச் சொன்னாள். சான்று என்ன சான்று என்று அவர் என்னைப் பார்த்தார். சான்று கேட்கிற பிள்ளையை வளர்த்த குற்றம் என்னுடையதாம்.

விழா ஒக்டோபரில், கோல்டிங்கில் ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. எங்கள் விழாக்கள் எல்லாம் எப்போதும் ஒரே வரிசையில்தான் தொடங்கும். மங்கள விளக்கு, அகவணக்கம், மலர் வைத்தல். ஊரில் போரில் போன எல்லோருக்குமாகச் சங்கம் மரத்தில் கறுப்பு வர்ணம் பூசிய ஒரு நினைவுத்தூண் செய்து வைத்திருக்கிறது. அதை மேடைக்கு முன்னால் ஒரு மேசையில் நிறுத்தி, வெள்ளைச் சீலை விரித்து, பக்கத்தில் விளக்கும் பூத்தட்டும் வைப்பார்கள். சனம் வரிசையில் வந்து, சப்பாத்தைக் கழற்றி, ஆளுக்கொரு பூ வைத்துவிட்டுப் போகும். இந்துக்களும் செய்வார்கள், எங்களைப் போன்ற சிலுவை போடும் வேதக்காரரும் செய்வார்கள்.

நான் செய்வதில்லை. எல்லா வருடமும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். தலைவரின் நாடகத்துக்கு நான் பூத் தூவமாட்டேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்குமாக மனைவியே போய் வைத்துவிட்டு வருவாள்.

அன்று தூண் வரவில்லை. அது தலைவரின் மைத்துனருடைய கராஜில் இருந்தது. மைத்துனர் கிரேக்கத் தீவொன்றில் விடுமுறையில் இருந்தார். கராஜ் திறப்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள் இருந்தது. ஒரு இனத்தின் நினைவையெல்லாம் சுமக்கும் தூண், ஒரு மனிதனின் நீச்சல் காற்சட்டைக்கு அடங்கிவிட்டது. தலைவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மேசையையும் சீலையையும் விளக்கையும் பூவையும் வழக்கம்போலத் தயார் செய்துவிட்டு, தூண் எப்படியோ வந்துவிடும் என்று கைபேசியோடு வெளியே அலைந்துகொண்டிருந்தார்.

மகளும் நானும் மாதிரியைக் காரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தோம். எங்கே வைப்பது என்று நின்றபோது, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "அந்த மேசை சும்மாதானே கிடக்கு" என்றார். வைத்தோம். பச்சை மேடு, மேலே மரத்தில் ஒரு கம்பம், கீழே வெள்ளைச் சீலை, பக்கத்தில் குத்துவிளக்கு. பார்த்தவுடன் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. நான் காருக்குப் போய்க் கொட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தபோது அகவணக்கம் முடிந்து, வரிசை தொடங்கியிருந்தது. முதலாவது ஆள் தலைவரே. அவருக்கு அது தூண் இல்லை என்று தெரியும். ஆனால் சனம் எழுந்து நிற்கிறது, விளக்கு எரிகிறது, ஏதோ ஒன்று மேசையில் இருக்கிறது. இரண்டு கையாலும் பூவை ஏந்தி, கண்ணை மூடி, ரோமச் சென்றியின் வாசலில் வைத்துவிட்டு ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் கொம்யூனிலிருந்து வந்த விருந்தினரான டேனிஷ் அம்மா. அவவும் சப்பாத்தைக் கழற்றி, மிகவும் மரியாதையாக வைத்தா. பிறகு மண்டபம் முழுவதும். குழந்தைகளைத் தூக்கிக் காட்டி வைப்பித்தார்கள். ஒருவர் மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். இந்த முறை தூண் நல்ல இயற்கையாகச் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு முன்வரிசையில் ஒருவர் மெச்சினார்.

நான் கைலேஞ்சியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். இதைவிட எங்கள் சங்கத்தைச் சொல்ல வேறொன்று வேண்டாம். வரிசை என்று ஒன்று கண்டால் போதும், முடிவில் என்ன இருக்கிறது என்று பாராமல் போய்க் கும்பிட்டுவிட்டு வரும் கூட்டம். என் மனைவியும் போய் வைத்தாள். அதைச் செய்தது தன் மகள் என்று தெரிந்துமே வைத்தாள். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நிற்கும்போது என்ன செய்கிறது என்று பிறகு கேட்டாள்.

அப்போதுதான் மேடையின் ஓரத்தில் மகளைக் கண்டேன். கையில் கைபேசி. அதே ஒன்பது வயது முகம். என் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு நடந்தவை வழக்கமானவை. தலைவர் பேசினார். பேச்சை முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தொடங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். நடனங்கள் வந்தன, ஒவ்வொரு நடனத்துக்கும் பாட்டுப்பெட்டி ஒருமுறை பிழைவிட்டது. மகளுடைய நேரம் வந்தபோது தலைவர் அவளைத் தனியே கூப்பிட்டு, நேரம் போய்விட்டது, சாப்பாடு ஆறுகிறது, அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொன்னார். மேசையில் இருப்பதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான் எல்லோருக்கும் மரியாதை என்றும் சொன்னாராம். அதோடு விட்டிருக்கலாம். ஒலிவாங்கியில் போய், மண்ணின் மணத்தோடு இந்த நினைவிடத்தை அமைத்துத் தந்த மாணவிக்குச் சங்கம் நன்றி சொல்கிறது என்று அறிவித்தார். மண்டபம் கைதட்டியது.

எனக்கு எழுந்து போய் அந்த மனிதரின் பொன்னாடையாலேயே அவருடைய வாயை அடைக்கலாம் போலிருந்தது. நான் எழும்ப முதல் மகள் படியேறி அவரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிவிட்டாள். பறிக்கவில்லை. கையை நீட்டினாள், நன்றி சொல்லப்போகிறாளாக்கும் என்று அவரே கொடுத்தார்.

கைபேசியை அவள் பார்க்கவில்லை. பாடமாக்கிய பேச்சில் இல்லாத பேச்சு அது. ஒவ்வொரு சொல்லாக, காலடி பார்த்து நடப்பதுபோலச் சொன்னாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இது நினைவிடம் இல்லை. இது ஒரு சென்றி. ரோமர் எண்ட ஆக்கள் கடற்கரையில கட்டின சென்றி. உள்ளுக்கு ஆமிக்காரர் இருந்தவை. நீங்கள் எல்லாரும் பூ வச்சது ஆமியின்ர சென்றிக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அந்த மண்டபத்தில் சிரிக்கக்கூடியவர்கள் இல்லை. சப்பாத்துக் கழற்றி, சைக்கிளை உருட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சென்றிகளைக் கடந்து வந்தவர்கள்தான் அங்கே இருந்த பெரியவர்களில் பாதிப்பேர். கொம்யூன் அம்மா மட்டும் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தா.

முதலில் எழுந்தவர், மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய அந்த மனிதர். நேரே மேசைக்குப் போனார். தன்னுடைய பூவைத் தேடினார். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே வெள்ளைப் பூ. ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். பிறகு மறுபடியும் வரிசை. ரோமரிடமிருந்து பூவைத் திருப்பி எடுக்க ஒரு வரிசை. கடவுளே, வைக்கவும் வரிசை, எடுக்கவும் வரிசை. அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு இருந்த இளக்காரத்துக்கு அன்று எல்லையே இல்லை.

மனைவி என் பக்கம் திரும்பி, போய் எங்களுடையதை எடுத்துக்கொண்டு வாங்கோ என்றாள். வைத்தது நீதானே என்றேன். இன்னொரு தரம் அந்தச் சென்றிக்கு முன்னால் போய் நிற்கத் தன்னால் ஏலாது என்றாள். போனேன். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த மேசைக்கு முன் வரிசையில் நின்றேன்.

கிட்டப் போன பிறகுதான் வரிசை ஏன் மெல்ல நகர்கிறது என்று தெரிந்தது. மகள் மேடையிலிருந்து இறங்கி மேசையின் பக்கத்தில் நின்றாள். வருகிற ஒவ்வொருவரையும் மறித்தாள். பூவை எடுக்கலாம், ஆனால் எடுக்க முதல் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். தான் பேச இருந்த பேச்சை ஒருவருக்கு ஒரு துண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு அடுப்பைக் காட்டினாள். ஒருவருக்குக் கட்டம் கீறிய கல்லைச் சொன்னாள். பூ வேண்டி வந்தவர்கள் வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்து கேட்டார்கள். கேட்ட பிறகு அவள் அவர்களைக் கேட்டாள், நீங்கள் எந்தக் கரை, அங்கே சென்றி இருந்ததா என்று. எனக்கு முன்னால் நின்ற மன்னார் அக்கா, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவ, ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தையாகப் பதில் சொன்னா. மகள் அவவின் சொற்களில் பாதி விளங்காமல், விளங்காததைத் தமிழிலேயே திருப்பிக் கேட்டாள். பிழையாகக் கேட்டாள். அக்கா திருத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

பிறகு என்னுடைய முறை. நான் அவளுடைய அப்பா என்பதற்காக விலத்தி விடுவாள் என்று நினைத்தேன். மேசைக்கு எட்டியதும் மற்றவர்களைப் போலவே என்னையும் மறித்தாள். பரணுக்குக் கீழே, நீலச் சீலையைப் பார்த்தபடி இருந்த வாசலில் விரலை வைத்தாள்.

"உங்கட கரையில சென்றி இருந்ததோ அப்பா?"

அத்தனை வருடமாக டேனிஷில் கேட்டபோதெல்லாம் எழுந்து போக எனக்கு இடம் இருந்தது. கோப்பை இருந்தது, கார் இருந்தது. இப்போது முன்னால் அவள், பின்னால் சனம். தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இருந்தது" என்றேன். "நேவியின்ர. ரெண்டு வாசல். கடல் பக்கமும் ஒண்டு."

அவள் விரலை வாசலிலிருந்து எடுக்கவில்லை.

"கடல் தொழிலுக்குப் போறவை ரோட்டுப் பக்கத்தால உள்ள போய், பாஸ் காட்டி, கடல் பக்கத்தால வரோணும். அண்டைக்குப் பெரியப்பாவை மட்டும் நிக்கச் சொல்லிப்போட்டு எங்களை விட்டவங்கள். நானும் உன்ர அப்பப்பாவும் வெளியில வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள்."

"பிறகு?"

"இன்னும் வரேல்லை."

பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டி, கெதியாகப் பூவை எடுங்கோ அண்ணை, சாப்பாடு ஆறுது என்றார். மகள் என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள்.

"பொறுங்கோ மாமா" என்றாள். "அப்பா கதைக்கிறார்."